கொழும்பு நூதனசாலைக்கு அரை நாள் காணுமா?

திருச்சியிலிருந்து ஒருவர் கேட்டது: "வேலை விஷயமாகக் கொழும்பு வருகிறேன். நடுவில் ஒரு நாள் சும்மா இருப்பேன். தலைநகரில் இருக்கிற தேசிய அருங்காட்சியகத்தைப் பார்க்கலாமா என்று யோசனை. கூட வருகிறவர், அங்கே நம் ஆட்களுக்குப் பார்க்க ஒன்றும் இல்லை, கடையில் சுற்றலாம் என்கிறார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். அரை நாள் போதுமா?"

மார்ச் 2, இரவு 9.40

போங்கள். கூட வருகிறவரைக் கடையில் விட்டுவிட்டுப் போங்கள். வெள்ளவத்தையில் 22 வருடமாக இருக்கிறேன், அந்த நூதனசாலைக்கு ஏழெட்டுத் தடவையாவது போயிருப்பேன். "நம் ஆட்களுக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவர் வாசல் ஆலமரத்தடியிலேயே ஐஸ்கிரீம் குடித்துவிட்டுத் திரும்பியவராகத்தான் இருக்கும். உள்ளே ஒரு கல் இருக்கிறது. 1409ஆம் ஆண்டுக் கல், சீனத் தளபதி செங் ஹ கப்பலில் கொண்டுவந்து தெற்கே காலி என்ற ஊரில் நாட்டியது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்தானே, போய் முன்னால் நின்று வாசிக்கலாம். அது ஒன்றுக்காகவே போகலாம். அரை நாள் தாராளமாகக் காணும்.

வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம், பூட்டு.

மார்ச் 2, இரவு 10.15

வெள்ளிக்கிழமைக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தைக் கட்டியவர் வாப்பிச்சி மரைக்கார், கொழும்பின் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். திறப்பு விழா 1877 ஜனவரி 1. என்ன வேண்டும் கேள் என்று தேசாதிபதி (ஆளுநர்) வில்லியம் கிரகரி கேட்டாராம். நான் கட்டியதை ஜும்ஆ நாளில் பூட்டி வைத்தால் காணும் என்று இவர் சொன்னாராம். அதிலிருந்து வெள்ளி பூட்டு. கதை எவ்வளவு உண்மையோ தெரியாது, கேட்க நன்றாக இருக்கிறது. கிரகரி இப்போதும் முன் புல்வெளியில் சிலையாக நிற்கிறார்.

மார்ச் 3, காலை

ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார், போன வெள்ளிக்கிழமை உள்ளே போய் வந்தாராம், ரிக்கெற்றும் கையில் இருக்கிறதாம். நான் சொன்னது எங்கள் பள்ளிக்கூடக் காலத்துச் சட்டம், அதை மாற்றிக் கனகாலமாம். 22 வருடம் பக்கத்திலேயே இருந்து என்ன பயன், வெள்ளி என்றால் அந்தப் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன். அரச விடுமுறை நாட்களைத் தவிருங்கள், மற்றபடி காலை 9 மணிக்குப் போய் நில்லுங்கள். 11 மணிக்குப் பிறகு வெளிமாவட்டப் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள், வெள்ளைச் சீருடையில் கை கோத்துக்கொண்டு வரிசையாகப் போவார்கள், அந்த வரிசைக்குள் மாட்டினால் சிம்மாசனத்திலிருந்து வாசல்வரை உங்களையும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

மார்ச் 3, மத்தியானம்

திருச்சிக்காரர் இன்னொன்று கேட்டிருக்கிறார். "நூதனம் என்றால் புதுமை அல்லவா, பழசை வைக்கிற இடத்துக்கு ஏன் நூதனசாலை?" இவ்வளவு காலமும் வாயில் வைத்திருந்த சொல், ஒரு நாளும் யோசிக்கவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "நாங்கள் காணாத சாமான் எல்லாம் எங்களுக்குப் புதுசுதானே" என்றார். இதற்கு மேல் விளக்கம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டோக்காரரிடம் நூதனசாலை, அருங்காட்சியகம் இரண்டு சொல்லும் எடுபடாது, சிங்களத்தில் கௌதுகாகாரய. வாய் சுளுக்கினால் "மியூசியம்" என்றாலே கொண்டுபோய் விடுவார். ஆனால் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலை என்று இன்னொன்று இருக்கிறது. ஒருமுறை அதன் வாசலில் இறக்கிவிட்டார்கள், நானும் பாடம் பண்ணிய மிருகங்களையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் இடம் மாறிவிட்டது என்று விளங்கியது. வெள்ளைக் கட்டடம், வளைவு வளைவாக வராந்தா, முன்னால் பெரிய ஆலமரம். அதுதான் உங்கள் இடம்.

மார்ச் 3, பின்னேரம்

தலைநகர் கொழும்பு அல்ல, ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டை என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி ஐயா. 1982இல் பாராளுமன்றம் அங்கே போனது எனக்கும் தெரியும். நூதனசாலை கொழும்புக் கறுவாத்தோட்டத்திலேயே இருந்துவிட்டது, நான் என்ன செய்ய. ஆனால் நீங்கள் கோட்டையை இழுத்தது ஒரு வகையில் நல்லது. அந்தக் கோட்டையைக் கட்டியவன் அழகக்கோனார். கல்லை நாட்டிய செங் ஹ, அடுத்த இரண்டு வருடத்துக்குள் அதே அழகக்கோனாரோடு சண்டை பிடித்து அவனைக் குடும்பத்தோடு சீனாவுக்குக் கொண்டு போனார். மூன்று மதத்துக் கடவுளுக்கும் காணிக்கை வைத்துக் கல் நாட்டிய கை ஆறவில்லை, அதற்குள் ஆளையே தூக்கிவிட்டார்கள்.

மார்ச் 4

மேலே எழுதியதில் பிழை. இரண்டு பேர் பிடித்துவிட்டார்கள். கோட்டையைக் கட்டியவர் நிசங்க அழகக்கோனார், 14ஆம் நூற்றாண்டு. சீனர் கொண்டு போனது அதே குடும்பத்தில் பிறகு வந்த வீர அழகேஸ்வரனை. குடும்பம் ஒன்று, ஆள் வேறு. வஞ்சியிலிருந்து வந்த குடும்பம் என்பார்கள், அதாவது கேரளத்துப் பக்கம். யாழ்ப்பாணத்து அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் வரி வசூலிக்க வந்தவர்களைப் பிடித்துத் தூக்கில் போட்டவர் அந்த மூத்தவர்தான் என்று கதை இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் அவர் பேரைச் சொன்னால் இப்போதும் கிழவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள், 600 வருடத்துக்கு முந்திய வரிப் பணம் தங்கள் மடியிலிருந்து போன மாதிரி.

மார்ச் 4, இரவு

"தமிழ்தானே, வாசிக்கலாம் என்று எழுதினீர்களே, நீங்கள் வாசித்தீர்களா?"

கேட்டவருக்கு நன்றி இல்லை. இல்லை, வாசிக்கவில்லை. பக்கத்துப் பலகையை வாசித்தேன். ஏழெட்டுத் தடவை போனதிலும் பலகையைத்தான் வாசித்திருக்கிறேன். சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். மகளுக்கும் எட்டாம் வகுப்பு வரலாற்றுக்கு ஏதோ ஒப்படை இருக்கிறதாம்.

மார்ச் 9, இரவு 8.20

போய் வந்தாயிற்று. அம்மா, மகள், நான். காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் எடுத்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி, அங்கிருந்து ஓட்டோ. அம்மாவுக்கு 76, முழங்கால் வருத்தம். மாடிக்கு ஏறமாட்டேன் என்று சொல்லி ஆலமரத்தடி வாங்கில் இருந்துவிட்டார். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள், கீழே பார்க்கவே நிறைய இருக்கிறது, மேலே ஏறாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

இனிக் கல். ஏறத்தாழ நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஓர் உள்ளங்கைத் தடிப்பு. மேல் மூலைகள் வளைந்து, உச்சியில் இரண்டு டிராகன் முகத்துக்கு முகம். வலப் பக்கம் முழுக்கச் சீனம், மேலிருந்து கீழே. இடப் பக்கத்தில் மேல் பாதி தமிழ், கீழ் பாதி பாரசீகம். நேரே முன்னால் நின்றால் தமிழ்ப் பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரித் தெரியும், அவ்வளவுதான். நான் கண்ணாடியைக் கழற்றி, போட்டு, குனிந்து, நிமிர்ந்து, ஒன்றும் நடக்கவில்லை. மகள் போனில் வெளிச்சம் போடப் போனாள், காவலுக்கு இருந்த அண்ணா வேண்டாம் என்று கை காட்டினார். பிறகு அவரே கிட்ட வந்து, தோளைப் பிடித்து என்னைப் பக்கவாட்டில் தள்ளி நிறுத்தினார். வெளிச்சம் சரிந்து விழுகிற பக்கம். அங்கிருந்து பார்த்தால் எழுத்துகளின் ஓரம் மெல்ல எழும்புகிறது. ஒரு "க". நிச்சயம் க. அப்புறம் ஒரு ரகரம் மாதிரி ஒன்று, இரண்டு வரி கீழே தகரமோ நகரமோ. 20 நிமிடத்தில் மூன்று எழுத்து. மகள் சொன்னாள், "அப்பா, உங்களுக்கு முதலாம் வகுப்புக்கும் புள்ளி வராது."

எழுத்து நாங்கள் எழுதுகிற எழுத்து இல்லை, 600 வருடத்துக்கு முந்தியது. புள்ளி இராது, காலும் ரகரமும் ஒன்றாக இருக்கும். அதோடு கல் பட்ட பாடு. 1911இல் காலியில் ஓர் எஞ்சினியர் கண்ணில் படும்வரை அது ஒரு மதகுக்கு மூடியாகக் கிடந்தது. குப்புறக் கிடந்தபடியால் இவ்வளவாவது மிஞ்சியது. நிமிர்ந்து கிடந்திருந்தால் மாட்டு வண்டியும் சப்பாத்துக் காலும் சேர்ந்து வழித்துத் துடைத்திருக்கும். சீனப் பக்கம்தான் ஓரளவு நன்றாக இருக்கிறது, பாரசீகம் எங்களை விட மோசம்.

ஆகவே "போய் நின்று வாசிக்கலாம்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். போய் நின்று முழிக்கலாம்.

மார்ச் 9, இரவு 11

அப்படியானால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்கள். படித்தவர்கள் ஏற்கெனவே வாசித்துப் பதிப்பித்துவிட்டார்கள், தமிழ்ப் பகுதியை வாசித்து வெளியிட்டவர் கல்வெட்டு அறிஞர் பரணவிதான, 1933இல். சீனத்தில் புத்தருக்கு வணக்கம். தமிழில் தெனாவரை நாயினாருக்கு. பாரசீகத்தில் இஸ்லாத்தின் இறைவனுக்கு. ஒவ்வொருவருக்கும் பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய், விளக்கு, தூபக்கால் என்று காணிக்கைப் பட்டியல். எனக்குப் பிடித்தது இந்த இடம்தான்: மூன்று பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே பட்டியல். மூன்று சம்பந்திகளுக்கும் ஒரே விலையில் வேட்டி எடுக்கிற ஆளின் கவனம். யாரும் மற்றவன் பெட்டியைத் திறந்து பார்த்துக் குறை சொல்லக் கூடாது. தென்னிலங்கைத் துறைமுகத்தில் வியாபாரம் பேச வேண்டுமென்றால் தமிழும் வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சீன அரசவைக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குச் சில அலுவலகங்களில் படிவத்தைத் தமிழில் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள், அதை இங்கே இழுக்கவில்லை.

மார்ச் 10

நினைத்தேன், சண்டை தொடங்கிவிட்டது. தெனாவரை நாயினார் சிவனா விஷ்ணுவா. தெனாவரை என்பது தெவிநுவர, இலங்கையின் தென் முனை. பதிப்பித்தவர்கள் விஷ்ணு என்கிறார்கள், சிங்களவர் உபுல்வன் என்று கும்பிட்ட தெய்வம். எங்கள் பக்கத்தில் தொண்டேஸ்வரம் என்று சொல்லிச் சிவன் கோயில் கணக்கில் சேர்ப்பார்கள், அப்படித்தான் எனக்கும் சின்ன வயசில் சொல்லித் தந்தார்கள். கோயிலைப் போர்த்துக்கீசர் 1588இல் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள், நேரே போய்ப் பார்த்துத் தீர்க்க வழியில்லை. நான் முன்பு சிவன் பக்கம் நின்று பெரிய வாக்குவாதமெல்லாம் பண்ணியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. இதற்கு மேல் இதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம், சொந்தக்காரரிடையே கலியாண வீட்டில் கதை நின்றுபோன அனுபவம் இருக்கிறது.

மார்ச் 10, பின்னேரம்

திருச்சிக்காரருக்கு: கல்லையே பேசி மற்றதை விட்டுவிட்டேன். வெண்கலங்கள். பொலன்னறுவைச் சிவன் கோயில்களில் 1907, 1908இல் தோண்டி எடுத்தவை. நடராசர் இருக்கிறார், பார்வதி இருக்கிறார், சுந்தரர் இருக்கிறார். ஆனால் நீங்கள் தேட வேண்டியது காரைக்கால் அம்மையாரை. சின்ன உரு. மற்ற எல்லோரும் ஒட்டியாணமும் மாலையுமாக நிற்கிற இடத்தில் இவர் மட்டும் எலும்பும் தோலுமாகக் குந்தியிருந்து கையில் தாளம். காறை எலும்பு பிதுங்கி, மார்பு வற்றித் தொங்கி, விலா எலும்பை எண்ணலாம். அழகு வேண்டாம், பேய் உரு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அல்லவா. வாய் மட்டும் சிரிப்பு. போன தடவை ஒரு பள்ளிக்கூடப் பொடியன் அதன் முன்னால் நின்று ஆசிரியையிடம் சிங்களத்தில் கேட்டான், இந்த ஆச்சிக்கு ஏன் சாப்பாடு கொடுக்கவில்லை என்று. ஆசிரியைக்குப் பதில் தெரியவில்லை, நானும் பேசாமல் நின்றேன், மாம்பழக் கதையை அந்த இடத்தில் என் சிங்களத்தில் எங்கே தொடங்குவது.

இவை இங்கே வார்த்தவையா, சோழ நாட்டிலிருந்து கப்பலில் வந்தவையா என்று நூறு வருடமாகப் பேசுகிறார்கள். கலை வரலாறு எழுதிய ஆனந்த குமாரசுவாமி 1914இலேயே கொழும்பு நூதனசாலை வெண்கலங்களைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். அவர் பிறந்ததும் கொழும்பு, பிறந்த வருடமும் 1877, நூதனசாலை திறந்த அதே வருடம். பக்கத்து வீதிக்கு இப்போது அவர் பெயர்தான், பழைய பெயர் கிரீன் பாத். நடைபாதை ஓரமாகப் படங்களைச் சாய்த்து வைத்து ஓவியர்கள் விற்பார்கள். யானை, பெரஹரா ஊர்வலம், சூரிய அஸ்தமனம். பேரம் பேசலாம்.

மார்ச் 11

பௌத்தப் பெண் தெய்வம் தாராவின் சிலை எங்கே என்று ஒருவர். பார்த்திருப்பீர்கள், அது நகல். அசல் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் கிடைத்தது, தேசாதிபதி பிரவுன்றிக் எடுத்துப் போய் 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். நகலுக்கு முன்னால் நின்று "என்ன வேலைப்பாடு" என்று ஐந்து நிமிடம் வியந்த பிறகுதான் நான் பலகையைப் பார்த்தேன். பலகையை வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்கவில்லை, கல்லை வாசிக்க வேண்டிய இடத்தில் பலகையை வாசித்தேன்.

கண்டிச் சிம்மாசனம் அசல்தான். 1693இல் ஒல்லாந்தர் கண்டி அரசனுக்குப் பரிசாகக் கொடுத்தது, 1815இல் ஆங்கிலேயர் கொண்டு போனார்கள், 1934இல் திரும்பி வந்தது. அதில் கடைசியாக இருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைத்தான் உங்கள் வேலூர்க் கோட்டையில் அடைத்து வைத்தார்கள், 1832இல் அங்கேயே காலம் ஆனார். கதிரை திரும்பி வந்தது, ஆள் வரவில்லை.

(தமிழ் அரசன் என்று எழுதப் போய் அழித்தேன். மதுரைப் பக்கத்து நாயக்கர், தெலுங்கு வழி. இதற்கும் ஒரு சண்டை வேண்டாம்.)

மார்ச் 14

பின்னேரம் மிஞ்சினால் எங்கே என்று கேட்டிருந்தார். தாமரைக் கோபுரம் 350 மீற்றர், 2022இல் திறந்தது, பிள்ளைகளோடு வந்தால் தப்ப முடியாது, தனியாக வந்தால் தேவையில்லை. நான் என்றால் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரர் கோயிலுக்குப் போவேன். பொன்னம்பல முதலியார் கட்டியதை மகன் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் கருங்கல்லால் திருப்பிக் கட்டத் தொடங்கினார். கொழும்பு வெயிலிலிருந்து உள்ளே கால் வைத்ததும் பாதத்தில் ஏறுகிற குளிர்ச்சி இருக்கிறதே, திருச்சிக்காரருக்கு ஊர் ஞாபகம் வரும். காலையில் வெண்கலங்களை எழுதிய குமாரசுவாமி, பின்னேரம் கோயிலைக் கட்டிய இராமநாதன், இரண்டு பேரும் மச்சான்மார். இராமநாதனின் தாய்மாமன் மகன் குமாரசுவாமி. ஒரே நாளில் ஒரு குடும்பத்தைச் சுற்றி முடித்த மாதிரி.

புறக்கோட்டை ஒல்லாந்தர் நூதனசாலையையும் ஒருவர் கேட்கிறார். பழைய தேசாதிபதி வீடு, நடு முற்றம் அழகு. போன முறை நான் போனபோது மழை, குடை இல்லை, முற்றத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு மணித்தியாலம் வராந்தாவில் நின்றேன். அதனால்தான் முற்றம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

மார்ச் 15

மறந்துவிட்டேன். உள்ளூர்க்காரருக்கு ஒரு ரிக்கெற் விலை, வெளிநாட்டவருக்குப் பல மடங்கு. தமிழ் கதைத்தால் உள்ளூர் என்று விட்டுவிடுவார்களா என்று கேட்டவருக்கு: விடமாட்டார்கள். நீங்கள் எங்களைப் போல "காணும்" என்னாமல் "போதும்" என்று சொன்ன உடனேயே தெரிந்துவிடும்.

மார்ச் 23

திருச்சிக்காரர் போய் வந்துவிட்டார். கூட வருகிறவரும் கடைசியில் போனாராம், சிம்மாசனத்துக்கு முன்னால் அரை மணித்தியாலம் நின்றாராம். இவர் அம்மையாரிடமே நேரத்தைக் கழித்துவிட்டு, பூட்டுகிற நேரத்துக்கு அந்தக் கல்லுக்குக் கிட்ட ஓடி, நான் சொன்ன மாதிரிப் பக்கவாட்டில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். நான் தகரமோ நகரமோ என்று எழுதினேனே, அது நகரம்தானாம், "நாயினார்" என்பதன் முதல் எழுத்தாக இருக்கலாமாம். படத்தைப் பெரிதாக்கி, திருப்பி, மகளிடமும் காட்டிப் பார்த்தேன். எனக்கு இன்னும் த மாதிரித்தான் இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டுக் கல்லில் விழுந்த கீறல் என்கிறார்.

சனிக்கிழமை திரும்பப் போகிறேன். மகள் வரமாட்டாளாம், ஒப்படை கொடுத்து முடிந்துவிட்டதாம்.